இருபத்தைந்து வயதில் மலர்ந்த எப்பே சாண்ட்

"பதினேழு பதினெட்டு வயசுக்குள்ள பெரிய கிளப் கண்ணுல படலைன்னா அவ்வளவுதான், அப்புறம் கால்பந்தை மறந்துட வேண்டியதுதான்." விவரம் தெரிந்தவர்களே இப்படிச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. டென்மார்க்கின் கால்பந்து ஆட்டக்காரர் எப்பே சாண்டைத் தெரிந்தவர்கள் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

1972இல் வட ஜட்லாண்டின் ஹாட்சுண்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். 1992இல் கோபன்ஹேகனை ஒட்டிய பிரண்ட்பி கிளப்புக்கு வந்தார். அந்தக் கோடையில்தான் டென்மார்க் ஐரோப்பியக் கோப்பையை வென்று உலகத்தை வியக்க வைத்தது. 20 வயது சாண்டை அப்போது யாருக்கும் தெரியாது. பொறியியல் படித்துக்கொண்டே ஆடினார். முதல் அணியில் நிலையான இடம் கிடைக்கவே சில வருடங்கள் பிடித்தன.

பிறகு 1997-98 பருவம். லீக்கில் 28 கோல், அந்த ஆண்டின் முதலிடம். ஏப்ரல் 1998இல் தேசிய அணிக்காக அவருடைய முதல் ஆட்டம், அப்போது வயது 25. இரண்டே மாதம் கழித்து உலகக் கோப்பையில் நைஜீரியாவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். சக ஆட்டக்காரர் மைக்கேல் லாட்ரப் தூக்கிக் கொடுத்த பந்தை வாங்கி, இறங்கிய பதினாறாவது வினாடியில் கோல் அடித்தார். அதே ஆண்டில்தான் அவருக்கு விதைப்பைப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அறுவை சிகிச்சை முடிந்து திரும்பி வந்து ஆடினார். 1999இல் ஜெர்மனியின் ஷால்கே கிளப் அவரை வாங்கியது.

2000-01இல் ஜெர்மன் லீக்கில் 22 கோல். கடைசி நாளில் ஷால்கே 5-3 என்று வென்றுவிட்டுச் சாம்பியன் ஆகிவிட்டோம் என்றே நினைத்தது. பட்டத்துக்குப் போட்டியிட்ட இன்னொரு கிளப்பான பேயர்ன், ஹாம்பர்க்கில் நடந்த தன் ஆட்டத்தில் ஹாம்பர்க் அணியின் பார்பரெஸ் அடித்த கோலால் பின்தங்கியிருந்தது. கூடுதல் நேரத்தில் பேயர்னின் பேட்ரிக் ஆண்டர்சன் ஃப்ரீ கிக்கில் சமன் செய்ய, கோப்பை கைநழுவிப் போனது. அந்த பார்பரெஸும் 22 கோல் என்பதால் அதிக கோல் அடித்தவர் என்ற பெருமையையும் சாண்ட் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. இன்றும் அந்த நாளை நினைத்தால் எனக்கு மனசு பாரமாகிவிடும். ஒரு வாரத்தில் ஜெர்மன் கோப்பையை ஷால்கே வென்றது, அடுத்த ஆண்டும் வென்றது. ஆனால் லீக் பட்டம் வரவே இல்லை.

இதை "விடாமுயற்சி" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. டென்மார்க்கில் 1978 வரை சம்பளத்துக்கு ஆட அனுமதியே கிடையாது. வேலையோ படிப்போ ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம் என்பது அங்கே பழகிப்போன வாழ்க்கை. பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை, மாணவர்களுக்கு அரசு மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. கிளப் கைவிட்டால் நடுத்தெருவில் நிற்க வேண்டும் என்ற பயம் சாண்டுக்கு இருந்திருக்க வாய்ப்பு குறைவு. அந்தப் பயம் இல்லாததால்தான் அவரால் பொறுமையாகக் காத்திருக்க முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவருடன் இரட்டையராகப் பிறந்த பீட்டரும் தொழில்முறை ஆட்டக்காரர்தான். இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி வரை போனார், எப்பே அளவுக்குப் பேர் வாங்கவில்லை. ஒரே வீடு, ஒரே வயது, ஆனாலும் இருவரின் பாதையும் வேறு. ஆகவே காத்திருந்தால் எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. காத்திருக்க இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இன்றைய கிளப்புகளின் பயிற்சி அகாடமிகள் பதினாறு வயதிலேயே பிள்ளைகளைக் கழித்துக் கட்டுகின்றன. பள்ளியையும் பாதியில் விட்டுவிட்ட அந்தப் பிள்ளைக்கு அதன் பிறகு என்ன வழி இருக்கிறது? படிப்பை முடிக்கும்வரை ஒருவனை அணியோடு வைத்திருக்க ஒரு கிளப்புக்கு எவ்வளவு செலவாகிவிடும்?