ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மூன்று ராத்திரி தூங்கவில்லை நான். ஆசையாகப் பூட்டிய புது கம்ப்யூட்டர். பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டாகவே கிடக்கிறது. மதர்போர்டின் (எல்லா பாகமும் மாட்டும் அட்டை) ஓரத்தில் 'டிராம்' (DRAM, அதாவது ரேம் என்கிற நினைவகம்) என்ற இடத்தில் குண்டூசித் தலை அளவு மஞ்சள் விளக்கு. ரேமைக் கழற்றி மாட்டி விரல் நுனியெல்லாம் வலி. கடையில் கேட்டால், "போர்டு போயிருக்கும், வேற வாங்குங்க சார்" என்கிறார்கள். பார்க்காமலேயே!

அப்புறம்தான் தெரிந்தது. டிடிஆர்5 என்ற வகை ரேம் முதல் தடவை போர்டோடு ஒத்துப்போகவே சில நிமிடம் எடுக்கும். அதற்குள் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரே ஒரு ரேம் என்றால், நாலு ஸ்லாட் (ரேம் மாட்டும் இடம்) உள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசசரிலிருந்து இரண்டாவதில் போட வேண்டும். இதைப் பெட்டி மேலேயே பெரிய எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்? கையேட்டில் எறும்பு எழுத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.