"ஜாவாஸ்கிரிப்ட்டே போதுமே" என்கிறவர்களுக்கு

சனிக்கிழமை நம்ம சாஃப்ட்வேர்க்காரங்க கூட்டத்துல நடந்ததைப் பத்தி எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். மனசு கேக்கல. வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஒரு பொண்ணு மேடையேறி, மத்த மொழிகள்ல எழுதின கோடையும் ப்ரௌசருக்குள்ள ஓட வைக்கிற வெப்அசெம்பிளியோட டெமோ காட்டிக்கிட்டிருக்கும்போது, "ஜாவாஸ்கிரிப்ட்டே போதுமேம்மா, இதெல்லாம் எதுக்கு?"னு குறுக்கே பேசுறது என்ன பெரிய மனுஷத்தனம்?

எதுக்குன்னு நான் சொல்றேன். சி, சி பிளஸ் பிளஸ் மொழிகள்ல வருஷக்கணக்கா எழுதி, பிழை பார்த்துப் பார்த்துத் தேறின கோடு மலையா குவிஞ்சு கிடக்கு. அதையெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட்ல திரும்ப எழுத யாருக்குத் தெம்பு இருக்கு? அதை வெப்அசெம்பிளியா மாத்தி (கம்பைல் பண்ணி) அப்படியே ப்ரௌசருக்குள்ள ஓட்டலாம். வரைபடம் போடுற ஆட்டோகேட் 2018ல வெப்புக்கு வந்தது இப்படித்தான். டிசைன் பண்ற ஃபிக்மா 2017ல இதுக்கு மாறினதும் லோட் ஆகுற நேரம் மூணுல ஒரு பங்காச்சு. அதே வருஷம் நாலு பெரிய ப்ரௌசரும் கம்பைல் பண்ணின ஒரே ஃபைல் வடிவத்தை (பைனரி) ஏத்துக்கிச்சு. ஒருத்தரோட ஒருத்தர் போட்டி போடுற கம்பெனிகள் சேர்ந்து செஞ்ச வேலை சார் இது.

"வேகம் வேகம்னு சும்மா சொல்றாங்க"ம்பீங்க. சரி, 2019ல வந்த ஆய்வுல வெப்அசெம்பிளி, நேட்டிவை (ப்ரௌசர் இல்லாம நேரா கம்ப்யூட்டர்ல ஓடுற புரோகிராமை) விட சராசரியா ஃபயர்ஃபாக்ஸ்ல 45 சதவீதம், குரோம்ல 55 சதவீதம் மெதுவா ஓடிச்சு. ஒத்துக்கிறேன். ஆனா அது நேட்டிவோட வெச்சுப் பார்த்த கணக்கு, ஜாவாஸ்கிரிப்ட்டோட இல்ல.

எங்க ஆபீஸ்ல ஸ்கேன் படங்களைச் சுத்தம் பண்ற பழைய சி பிளஸ் பிளஸ் லைப்ரரியை இப்படித்தான் ஓட்டுறோம். படம் சர்வருக்கே போறதில்ல; நோயாளியோட விவரம் படத்தைத் திறக்கிறவங்க மெஷின்லயே இருக்கு. இதுல ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஜாவாஸ்கிரிப்ட்லேர்ந்து ஃபங்ஷனைக் கூப்பிட்டா, ஜாவாஸ்கிரிப்ட்டுக்கும் வெப்அசெம்பிளிக்கும் நடுவுல மாறி மாறித் தாண்டுறதுலயே நேரம் போயிடும். மொத்தப் படத்தையும் மெமரியில வெச்சுட்டு ஒரே தடவை கூப்பிடணும். அந்தப் பொண்ணோட அடுத்த ஸ்லைடு இதேதான்! அதைக் காட்ட விட்டீங்களா?

"அவர் யதார்த்தமாத்தான் கேட்டார், நீ ஏன் பெருசாக்குறே?"ன்னு இப்பவே ரெண்டு பேர் போன் பண்ணிட்டாங்க. யதார்த்தமா கேட்டவர் பதிலுக்குக் காத்திருந்திருப்பார். இவர் கேட்டுட்டுப் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சார். ஹாலே சிரிச்சுது. அந்தப் பொண்ணு மிச்ச ஸ்லைடை வேகவேகமா தள்ளிட்டு இறங்கிட்டாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. கஷ்டப்பட்டு உள்ள இறங்கிப் படிக்கிற பிள்ளைங்க இங்க எத்தனை பேர் இருக்காங்க? அவங்களையும் இப்படி விரட்டிட்டா அடுத்த தடவை யார் பேச வருவாங்க?

ஏற்பாட்டாளர்களே, அவங்களை இன்னிக்கே கூப்பிடுங்க. அடுத்த கூட்டத்துல முழு ஒரு மணி நேரம் கொடுங்க. கேள்வியெல்லாம் அவங்க பேசி முடிச்ச பிறகு.