பதுங்கிப் போக ரோக் மட்டும்தானா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கிற கதை விளையாட்டுல ‘சத்தமில்லாம உள்ள போகணும்’னு ஆட்டத்தை நடத்துற டிஎம் சொன்ன உடனே யாராவது ஒருத்தர் பதுங்குறதுல கெட்டிக்காரரான ரோக் பாத்திரத்தை எடுத்துடுறாங்க. ஒத்த ஆளா உளவு பாக்கன்னா சரி. குழுவே பதுங்கணும்னா நான் முதல்ல கேக்குறது, "ட்ரூயிட் யாரு?" ட்ரூயிட்னா இயற்கை மந்திரம் போடுற பாத்திரம். (ஐந்தாம் பதிப்பு, 2014 விதிநூல்படி சொல்றேன்.)

கதையை நம்ம பாம்பன் கரையில வைங்க. நடுராத்திரி, ஐஸ் பெட்டி அடுக்கு, வலைக் குவியல், கரையேத்துன வள்ளங்க. ரோக்குக்குக் கொண்டாட்டம்தான். லெவல் 2ல வர்ற கன்னிங் ஆக்‌ஷனை வச்சு போனஸ் ஆக்‌ஷன்லயே (தன் முறையில கூடுதலா கிடைக்கிற செயல்) ஒளியலாம். லெவல் 5ல டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 18, ஸ்டெல்த்ல (பதுங்குறதுல) எக்ஸ்பர்டீஸ் (தனித்தேர்ச்சி) இருந்தா, 20 முக டைஸ்ல விழுற எண்ணோட +10. சாதாரணக் காவலாளிக்கு பாசிவ் பெர்செப்ஷன், அதாவது தேடாமலே கவனிக்கிற திறன், 12. கூட்டுத்தொகை அதைத் தொட்டாப் போதும். டைஸ்ல 1 விழுந்தாத்தான் மாட்டுவாரு.

பின்னால வர்ற ஃபைட்டர் (போர்வீரர்)தான் வில்லங்கம். டெக்ஸ்டெரிட்டி 10, மேல செயின் மெயில்ங்கிற சங்கிலிக் கவசம், அதனால டிஸ்அட்வான்டேஜ்: ரெண்டு டைஸ் போட்டு குறைஞ்சதைத்தான் எடுக்கணும். ரெண்டு டைஸுமே 12க்குக் குறையாம விழணும். வாய்ப்பு நூத்துக்கு 20தான். காவலாளி இவரைப் பாத்துட்டா, ரோக் என்ன போட்டிருந்தாலும் சர்ப்ரைஸ் (எதிர்பாராம தாக்குற வாய்ப்பு) போச்சு. 50 பொற்காசுக்கு செயின் ஷர்ட்ங்கிற லேசான கவசம் வாங்குனா டிஸ்அட்வான்டேஜாவது போகும். ஏசி (அடிபடாம காக்கிற எண்) குறையும்னு வாங்கமாட்டாங்க, அது தனிக்கதை.

ட்ரூயிட்டுக்கு லெவல் 3ல பாஸ் வித்தவுட் ட்ரேஸ்ங்கிற மந்திரம் வருது. 30 அடிக்குள்ள வர்ற கூட்டாளிகளுக்கெல்லாம் +10, ஒரு மணி நேரம் வரைக்கும். அதே செயின் மெயில்லயே ஃபைட்டருக்கு வாய்ப்பு நூத்துக்கு 90 ஆயிடும். ரேஞ்சருக்கு (காட்டு வேட்டைக்காரர்) இது லெவல் 5லதான். ஷேடோ மாங்க்குக்கு (நிழல் துறவி) லெவல் 3லயே, 2 கீ (அவரோட உள்சக்திப் புள்ளி) செலவுல.

சொதப்புறது எங்கன்னா, இந்த மந்திரத்தை வாய்விட்டுச் சொல்லணும். காவலாளி காதுல விழுற தூரத்துக்கு வந்தப்புறம் ஆரம்பிச்சா அவ்வளவுதான். ரோக் ஆர்வத்துல 40 அடி முன்னால போனா அவருக்கு +10 கிடையாது. ட்ரூயிட் அடி வாங்குனா கான்சன்ட்ரேஷன், அதாவது மந்திரத்தைத் தாங்குற கவனம், உடையலாம். அதனால மந்திரத்தைப் போட்டுட்டு வைல்ட் ஷேப்ல (விலங்கா உருவம் மாறுற திறமை) பூனையா மாறிடுங்க. உருவம் மாறுனாலும் கான்சன்ட்ரேஷன் நிக்கும். மீன் இறங்குற இடத்துல பூனையை எவன் திரும்பிப் பாக்கப்போறான்?

தனுஷ்கோடி மணல்ல பட்டப்பகல்ல இது எதுவும் எடுபடாது. மறைவே இல்லாத இடத்துல +10 இருந்தும் ஒளிய முடியாது. அங்க பார்ட் (பாணர்) போடுற இன்விசிபிலிட்டி (கண்ணுக்குத் தெரியாம ஆக்குற மந்திரம்) வேணும். ஆனா ஈர மணல்ல காலடி பதிஞ்சா, எங்க நிக்கிறாருன்னு காட்டிக்கொடுத்துடும். பாஸ் வித்தவுட் ட்ரேஸ் தடத்தையே விடாது. ரெண்டுக்கும் கான்சன்ட்ரேஷன் வேணுங்கிறதால ஒருத்தரே ஒரே நேரத்துல ரெண்டையும் போட முடியாது. பார்ட் ஒண்ணு, ட்ரூயிட் ஒண்ணு. உளவு போறவர் மட்டும் ட்ரூயிட்டை விட்டு 30 அடி தாண்டக்கூடாது.