சுவர் தாங்குமான்னு ஒருத்தராவது கேட்டீங்களாய்யா?

ஐப்பசி பிறந்துவிட்டால் போதும், எனக்கு வருகிற போன் பலவும் ஒரே ராகம்தான். "தம்பி, கேமராப் பொட்டி ஒரு பக்கமா இறங்கி நிக்குது, எப்ப வர்றீக?" ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், பாலம் தாண்டினால் மண்டபம், உச்சிப்புளி, அந்தப் பக்கம் கீழக்கரை என்று கடலை ஒட்டி எங்கே போனாலும் இதே கதை. போய்ப் பார்த்தால் ரேக் கேபினெட், அதாவது கேமரா ரெக்கார்டரையும் மற்ற சாமான்களையும் வைத்துச் சுவரில் மாட்டுகிற இரும்புப் பெட்டி, சுவரை விட்டு ஒரு விரல் நுழையும் அளவுக்கு முன்னால் சாய்ந்திருக்கும். மேல் ஸ்க்ரூ இரண்டும், சுவர்த் துளைக்குள் செருகிய பிளாஸ்டிக் பிளக்கோடு, பாதி வெளியே வந்திருக்கும். பெட்டி நிற்பதே உள்ளே போகிற கேபிள் கட்டின் தயவில்தான். அதற்கு நேர் கீழே லாட்ஜ் ரிசப்ஷன் பையன் உட்கார்ந்து ஆதார் ஜெராக்ஸ் வாங்கிக்கொண்டிருப்பான். ரெஜிஸ்டர் மேல் சுவர்ப் பூச்சு மாவாக உதிர்ந்து கிடக்கும். அதை ஊதி விட்டுவிட்டு, வந்தவர் பெயரை எழுதுவான். தலைக்கு மேல் முப்பது, நாற்பது கிலோ தொங்குகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

கேமரா வாங்கும்போது எத்தனை கேள்வி கேட்டிருப்பார்கள்! எத்தனை மெகாபிக்சல், ராத்திரியில் கலர் தெரியுமா, எத்தனை நாள் ரெக்கார்டிங் நிற்கும், துபாயிலிருக்கிற மச்சான் போனில் பார்க்கலாமா. இவ்வளவையும் கேட்டவர், எல்லாவற்றையும் சுமக்கப் போகிற சுவர் எதனால் கட்டியது என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. போகட்டும், அவர் தொழில் அது இல்லை. மாட்ட வந்தவனாவது கேட்டானா? ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தானா?

அவன் எப்படி மாட்டினான் என்பது எனக்குப் பார்க்காமலே தெரியும். பிளாஸ்டிக் சேர் மேல் இன்னொரு பிளாஸ்டிக் சேர். கையில் ஹாமர் டிரில். பெட்டியோடு வந்த ஸ்க்ரூ பாக்கெட் வாயில். ரசமட்டம் கிடையாது, கண்ணளவுதான். கீழே சுவிட்ச் போர்டு இருக்கிறதே, அதற்கு நேர் மேலே துளை போடுகிறோமே, சுவருக்குள் புதைத்த வயரிங் பைப் அந்த வழியாகத்தானே மேலே ஏறும் என்ற யோசனையும் கிடையாது. துளை கொஞ்சம் பெரிதாகிவிட்டால் அதற்கும் வைத்தியம் உண்டு: விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சியை உடைத்துச் சொருகு, இல்லாவிட்டால் தீக்குச்சி. நான் கழற்றிய பிளக்குகளோடு எத்தனையோ தீக்குச்சி வெளியே வந்திருக்கிறது, மருந்து முனைகூடக் கருகாமல்.

கேட்டால் என்ன சொல்வான்? "பெட்டியிலயே 60 கிலோ தாங்கும்னு போட்டிருக்குண்ணே." போட்டிருக்கிறதுடா தம்பி. பெட்டியின் தகடு 60 கிலோ தாங்கும் என்று பெட்டி செய்தவன் போட்டிருக்கிறான். உன் சுவரைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்?

இங்கேதான் கணக்கு ஒன்று இருக்கிறது. பலருக்கும் இது பிடிபடுவதே இல்லை. குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதும் அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடிப்பதும் ஒன்றா? ரேக் சுவரிலிருந்து 45, 55 சென்டிமீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற சாமான். பெட்டி, கேமராக்களை இணைக்கிற ஸ்விட்ச், படத்தைப் பதிவு செய்கிற என்விஆர், கேபிள் முனைகள் வந்து சேர்கிற பேட்ச் பேனல், யாரோ புண்ணியவான் உள்ளே திணித்த யுபிஎஸ் எல்லாம் சேர்த்து 40 கிலோ என்று வையுங்கள். அந்த எடையின் மையம் சுவரிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. பெட்டி சாய்வது அடி விளிம்பை ஊன்றித்தான்; மேல் போல்ட்டுக்கும் அந்த விளிம்புக்கும் இடையே 40 சென்டிமீட்டர். அப்படியானால் 40 கிலோ கீழே இழுப்பது தனி. அதுபோக, 40 கிலோவை 25-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால், மேல் போல்ட்டுகளைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்க 25 கிலோ இழுவை எந்நேரமும் இருக்கிறது. ராத்திரியும் பகலும், லாட்ஜ் பூட்டிக் கிடந்தாலும். கதவைத் திறந்து முழங்கையை ஊன்றி வேலை பார்த்தால் இன்னும் கூடும்.

"சின்னப் பெட்டிதானே, 6 யூதானே" (யூ என்பது ரேக்கின் உயர அளவு) என்பார்கள் பாருங்கள், அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உயரம் குறைந்தால் அந்த 40 சென்டிமீட்டர் 30 ஆகிறது. ஆழம் மாறவில்லை. அதே சாமானைத் திணித்தால் இழுவை 33 கிலோ. சின்னப் பெட்டி சுவரைப் பிடுங்குவதில் பெரியது. பின்பக்கம் வேலை பார்க்க வசதியாகக் கதவு மாதிரி மொத்தமாகத் திரும்புகிற இரட்டைப் பகுதி ரேக் இருக்கிறதே, அதைத் திறக்கும்போது மொத்த எடையும் ஒரு பக்கத்து போல்ட்டுகளில் போய் உட்காரும். அதையும் இதே ஓசி ஸ்க்ரூவில் மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, ஸ்க்ரூ எவ்வளவு ஆழம் போகிறது? பாக்கெட்டில் வருகிற பிளக் பெரும்பாலும் 40 மி.மீ. நம் ஊர்ச் சுவரில் கொத்தனார் கோணலை மறைக்கப் பூசிய பூச்சே 20 மி.மீ. இருக்கும். மீதி 20 மி.மீ.தான் கல்லில். பூச்சு எடை தாங்காது. அதிலும் கடற்கரை மணலையும் உப்புத் தண்ணீரையும் போட்டுப் பூசிய சுவர் என்றால், உப்புப் பூத்து, பொருக்குத் தட்டி, நகத்தால் கீறினாலே கொட்டும். டிரில் பிட்டை வெளியே எடுத்ததும் என்ன தூள் வருகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். சிவப்பாக வந்தால் செங்கல். வெறும் மணலாகக் கொட்டிக்கொண்டே இருந்தால் கையை எடுத்துவிட வேண்டும்.

இப்போது கட்டுகிற லாட்ஜ்களில் பல ஹாலோ பிளாக். விரல் மடக்கித் தட்டினால் டொக்கு டொக்கென்று காலியாகக் கேட்கும். டிரில் ஓர் அங்குலம், ஒன்றேகால் அங்குலம் போனதும் விசுக்கென்று உள்ளே விழும். அந்த ஓட்டில் சாதாரண பிளக் எதைப் பிடிக்கும்? முறுக்க முறுக்க உள்ளே விரிகிற இரும்பு ஆங்கர் போல்ட்டை வைத்தால் ஓடே உடையும். இதற்கென்று வலைக்குழாயோடு கெமிக்கல் ஆங்கர், அதாவது பசையால் போல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற முறை, இருக்கிறது. அது கைக்குக் கிடைக்காவிட்டால் சுவரின் அந்தப் பக்கம் வரை ஊடுருவித் துளை போட்டு, பின்னால் தகடு வைத்து நட் முறுக்கலாம். இல்லை, பக்கத்தில் கான்கிரீட் தூண் இருந்தால் பெட்டியை அங்கே நகர்த்தலாம். ஹாலோ பிளாக்கில் ஹாமரை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் துளை போட வேண்டும் என்பதுகூட இங்கே பல பேருக்குப் புதுச் செய்தி.

பழைய வீடுகள் வேறு ரகம். தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பிறகும் நிற்கிற தேவாலயச் சுவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கடலிலிருந்து எடுத்த பவளப் பாறையும் சுண்ணாம்பும். இந்தக் கரையில் அப்படிக் கட்டிய பழைய சுவர்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. கல் முழுக்கத் துளைதுளையாக இருக்கும். ஒரு இடத்தில் பிட் கெட்டியாக நிற்கும், இரண்டு விரல் தள்ளினால் சுண்ணாம்பில் வழுக்கிக்கொண்டு போகும். கீழக்கரையில் ஒரு வீட்டில் (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்), "காக்கா, இந்தச் சுவர்ல பொட்டி வேணாம், தரையில இருந்து ஆங்கிள் ஃப்ரேம் அடிச்சு நிறுத்திருவோம்" என்றேன். "பக்கத்து வீட்டுல சுவர்லதானே மாட்டிருக்காஹ தம்பி" என்றார். பக்கத்து வீட்டில் மாட்டியவன் பாக்கியசாலி, வேறென்ன சொல்ல!

அப்புறம் உப்பு. உள்ளூர்க்காரனுக்கே உப்பைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் வயிற்றெரிச்சல். பாம்பனில் 1914-ல் திறந்த ரயில் பாலத்தை இந்தக் காற்று என்ன பாடுபடுத்தியது என்று ஊரே பார்த்தது. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கிற பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அத்தனை பெரிய பாலத்துக்கு அந்தப் பயம் இருக்கிறது. நம் தம்பிக்குத் தங்க நிறத்தில் மினுக்குகிற துத்தநாகப் பூச்சு ஸ்க்ரூ போதுமாம். கச்சான் காற்று அடிக்கிற ஜன்னல் பக்கத்தில் மாட்டிய பெட்டியின் ஸ்க்ரூத் தலையை ஒரு வருடம் கழித்து வந்து பாருங்கள், சுவரில் செம்பழுப்பாகக் கோடு வழிந்திருக்கும். வெளியே தெரிகிற தலையே அப்படி என்றால் உள்ளே இருக்கிற தண்டு எப்படி இருக்கும்? துரு இரும்பைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். போல்ட் மெலிவது ஒரு பக்கம், துரு வீங்கிப் பூச்சை வெடிக்க வைப்பது இன்னொரு பக்கம்.

கடையில் எஸ்எஸ், அதாவது துருப்பிடிக்காத எஃகு போல்ட், கேட்டால் காந்தத்தை ஒட்டிக் காட்டுவார்கள். "பாருங்க, ஒட்டலை, எஸ்எஸ்தான்." ஐயா, எஸ்எஸ்ஸில் 304 என்கிற தரமும் காந்தத்தில் பெரிதாக ஒட்டாது, 316 என்கிற தரமும் ஒட்டாது. கடல் உப்பைத் தாங்க மாலிப்டினம் சேர்த்தது 316. உங்கள் காந்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. போல்ட் வருகிற டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்து, நட்டும் வாஷரும் அதே தரத்தில் கேட்டு வாங்க வேண்டும். போல்ட்டை எஸ்எஸ்ஸில் வாங்கிவிட்டு வாஷரைச் சாதா இரும்பில் போடுகிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள்.

லாட்ஜ்களில் இன்னொரு கூத்து. எல்லா அறைக்கும் குளியலறை வேண்டும், அதனால் எந்தச் சுவரைத் தொட்டாலும் அந்தப் பக்கம் குழாய். ரேக் மாட்டியதும் அதே சுவரில்தான். ஓதம் ஏறி, பெயிண்ட் குமிழ் விட்டிருக்கும். எதிரே அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலில் 22 தீர்த்தமும் ஆடி, சொட்டச் சொட்ட ஈரத்துணியோடு நிற்கிற கூட்டம். அந்த ஈரக் கை எட்டுகிற உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி. அதற்கு எர்த் கொடுத்திருக்கிறதா? பெரும்பாலும் கிடையாது. பெட்டிக்கும் கதவுக்கும் இடையே பச்சை மஞ்சள் வயர் ஒன்று வரும், கதவை மாட்டும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று அதை வெட்டிப் போட்டிருப்பார்கள். "தொட்டா லேசா சுர்ருங்குதுண்ணே, அது நார்மல்தானே?" என்று ரிசப்ஷன் பையன் கேட்கிறான். நார்மலாம்! எர்த் இல்லாவிட்டால் பவர் சப்ளைக்குள் இருக்கிற ஃபில்டர் மின்தேக்கிகள் வழியாக உலோக உடம்பில் ஏறக்குறைய பாதி மின்னழுத்தம் வந்து நிற்கும். ஓட்டம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு போகிறது. நாளைக்கே ஒரு ஃபேஸ் வயர் தேய்ந்து தகட்டில் பட்டால், பெட்டி 230 வோல்ட்டோடு சாதுவாக நின்றுகொண்டிருக்கும். பிரேக்கர் விழாது. முதலில் தொடுகிற ஆள்தான் எர்த்.

இத்தனைக்கும் ஒழுங்காக மாட்ட என்ன பெரிய வித்தை வேண்டும்? பெட்டியைக் காலி செய்துவிட்டுத் தூக்கு. இரண்டு பேர் பிடி. சேர் வேண்டாம், ஏணி கொண்டு வா. துளைக்குள் இருக்கிற தூளை ஊதி எடு, தூளோடு பிளக்கைச் செருகினால் அது தூளைத்தான் பிடிக்கும். ஆழத்தைப் பூச்சைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடு, செங்கல் சந்தில் துளை போடாதே. மாட்டியதும் வெறும் பெட்டியைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார், அசைந்தால் அப்போதே கழற்று. யுபிஎஸ்ஸையும் பேட்டரியையும் தரையில் வை, அதைத் தூக்கி மேலே வைத்தே ஆக வேண்டும் என்று யார் அழுதது? நாங்கள் போட்டால் எடைக்கு நான்கு மடங்கு தாங்குகிற போல்ட்டாகத்தான் போடுவோம். வாடைக் காலத்தில் சுவர் நனைந்து காயும், ஆள் இழுப்பார்கள், நாளைக்கு இன்னொரு ஸ்விட்ச் சேரும்.

இது எதுவும் நடக்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். "எட்டு கேமரா செட், இன்ஸ்டாலேஷன் இலவசம்." இலவசம் என்று போட்டுவிட்டால் அந்தப் பையன் எத்தனை நேரம் உங்கள் சுவரோடு மல்லுக்கட்டுவான்? சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு இடம் முடிக்க வேண்டும் அவனுக்கு. கூட ஆள் அனுப்ப மாட்டார் முதலாளி. ஏணி வண்டியில் ஏறாது. அவனைத் திட்டி என்ன செய்ய, ஆனாலும் திட்டத்தான் வருகிறது.

நான் கொட்டேஷன் கொடுத்தால் பொருத்துகிற கூலியைத் தனி வரியில் எழுதுவேன். 316 ஆங்கர் நான்கு, எர்த் வயர், இரண்டு ஆள், அரை நாள். வாங்கிப் படிக்கிற லாட்ஜ்காரர் என்விஆர் விலையில் பேனாவை வைக்க மாட்டார், ஹார்ட் டிஸ்க்கில் வைக்க மாட்டார். நேராக வந்து அந்த வரியில்தான் வைப்பார். "ஆணி அடிக்கிறதுக்கு இம்புட்டாப்பா? அந்தப் பய சும்மா மாட்டித் தர்றேங்கிறான்." சும்மாதான் மாட்டுவான், அண்ணே. அவன் மாட்டினதைக் கழற்றி, சுவரைக் கொத்திப் பூசி, வேறு இடத்தில் மாட்டுவதற்குத்தான் தை மாதம் என்னைக் கூப்பிடப் போகிறீர்கள். அப்போது கூலி இதைவிடக் கூடுதல், இப்போதே சொல்லிவிட்டேன்.