பைத்தான் 2-க்கு 11 ஆண்டு அவகாசம் இருந்தது

"பைத்தான் 2-ஐ 2020-இல் திடீரென்று நிறுத்திவிட்டார்கள், அதில் கற்றதெல்லாம் வீண்" என்று பைத்தான் நிரல்மொழியைப் பற்றி ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஆண்டு சரி. 'திடீரென்று' என்பதுதான் இடிக்கிறது.

பைத்தான் 3.0 வெளிவந்தது 2008 டிசம்பரில். பழைய வரிசையின் கடைசிப் பதிப்பான 2.7 வந்தது 2010-இல். அதற்கான ஆதரவை நிறுத்த முதலில் வைத்த கெடு 2015. பலரால் பைத்தான் 3-க்கு மாற முடியவில்லை என்பதால் 2014-இலேயே அதை 2020 வரை தள்ளிவைத்தார்கள். ஆக, 2008 இறுதியிலிருந்து 2020 தொடக்கம் வரை 11 ஆண்டு. நம் துறையில் இவ்வளவு நீண்ட நோட்டீஸ் யார் கொடுக்கிறார்கள்?

கற்றது வீண் என்பதும் மிகைதான். லிஸ்ட், டிக்‌ஷனரி, ஃபங்ஷன், கிளாஸ் போன்ற அடிப்படைக் கூறுகள் எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன. திரையில் காட்டச் சொல்லும் பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி போட ஒரு நாளில் பழகிவிடலாம். உண்மையான தலைவலி வேறு. 3/2 என்று எழுதினால் பழையதில் 1, புதியதில் 1.5. பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் சத்தமில்லாமல் மாறிவிடும். அப்புறம் சரங்களும் (எழுத்துத் தொடர்கள்) பைட்டுகளும் (கணினி சேமிக்கும் மூல எண்கள்) தனித்தனியானது. பழைய கோடை மாற்றியவர்களை அதிகம் படுத்தியது இதுதான். ஆனால் தமிழ்த் தரவோடு வேலை செய்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஒவ்வொரு சரத்துக்கும் முன்னால், யூனிகோடு என்று காட்ட, 'யு' (u) போட்டு அலைந்த காலம் போயிற்று!

சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் டெஸ்ட் எதுவும் இல்லாத பெரிய பழைய கோடு கையில் இருந்தால் சிரமம்தான், மறுக்கவில்லை. தலைசுற்றும் வேகத்தில் மாறுவதற்கு உதாரணம் வேண்டுமென்றால், இணையப் பக்கங்கள் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்குகளைச் சொல்லுங்கள், வாதாட மாட்டேன்.