பொத்தானை அழுத்துவதற்குள்

கேமராவை ஆன் செய்தால் லென்ஸ் ஆமைத் தலை போல மெதுவாக வெளியே வருகிறது. அதற்குள் குழந்தையின் பாதிச் சிரிப்பு முடிந்துவிடும். சரி, மீதியாவது கிடைக்கட்டும் என்று பொத்தானை அழுத்தினால், லென்ஸ் முன்னும் பின்னும் நகர்ந்து ஃபோகஸ் தேடுகிறது. வெளிச்சம் குறைந்த அறை என்றால் கேட்கவே வேண்டாம். முதலில் பாதி அழுத்தி ஃபோகஸைப் பூட்டு, அப்புறம் முழுதாக அழுத்து என்கிறார்கள். பூட்டலாம், குழந்தையை யார் பூட்டி வைப்பது? கடைசியில் படத்தில் விழுந்தது ஒரு முதுகும் கலங்கிய கையும்தான். இன்னொன்று எடுக்கலாமென்றால் ஃபிளாஷ் சார்ஜ் ஆகிறதாம், திரை இருண்டு கிடக்கிறது. காத்திருந்து எடுத்தால் கண் இரண்டும் சிவப்பு. முகப்பில் மட்டும் பளபளவென்று எழுதியிருக்கிறது, 16 மெகாபிக்சல் என்று.