மேட்டூர் திறக்கும் தேதியும் டியூ தேதியும்

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கு மூன்று புது வண்டிகள் வந்துவிட்டன. நான்காவது என்னுடையதாக இருக்க வேண்டும் என்பதில் என்னைவிட என் மைத்துனருக்குத்தான் அக்கறை. போன வாரம் கும்பகோணத்தில் ஒரு காதுகுத்து. மண்டப வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்ன அத்தான், இன்னமும் இதையேவா வச்சிருக்கிய? இப்பதான் வரியெல்லாம் கொறஞ்சு போச்சுல்ல, ஒரு புது வண்டியப் போடுங்களேன்." பக்கத்தில் நாலு பேர். சிரித்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டேன். இலையில் உட்கார்ந்து சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் வண்டி 2009 மாடல் மாருதி ஆல்டோ. பழைய மாருதி 800-இல் இருந்த அதே ரகம் 796 சிசி என்ஜின், மூன்று சிலிண்டர். 2017-இல் வாங்கினேன். இன்று உண்மைக் கணக்குக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டருக்குப் பக்கம். 'உண்மைக் கணக்கு' என்று ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

முதலில் காசு. ஐந்து லட்சம் கடன், ஒன்பதரை வட்டி, 60 மாதம் என்று போட்டுப் பாருங்கள். மாதம் 10,500. முடியும்போது 6,30,000 கட்டியிருப்போம். இது எல்லோரும் போடுகிற கணக்குதான். என்னை உறுத்துவது தொகையைவிட தேதி.

எனக்குப் பதினைந்து மா நிலம், சுமார் ஐந்து ஏக்கர். குறுவைக் காசு ஐப்பசியில் வரும், சம்பாக் காசு மாசி பங்குனியில். நடுவில் வீட்டுக்கு வருவது பால் பணமும், மனைவி தைக்கிற ஜாக்கெட் கூலியும்தான். மேட்டூரை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்று வருஷா வருஷம் பேப்பரில் போடுவார்கள். 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரைக்கும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் இரண்டு மாதம் முன்னே பின்னே வரும். வங்கித் தவணைக்கான ஐந்தாம் தேதி ஒருநாள்கூடத் தள்ளிப்போய் நான் பார்த்ததில்லை. டியூ கட்டுவதற்காக வளையலைக் கொண்டுபோய் அடகு வைத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

பழைய வண்டியும் காசு கேட்கும். ஆனால் அதனிடம் தவணை சொல்லலாம். 'பிரேக் இன்னைக்கே பாத்துடுவோம், ரப்பர் புஷ் மாத்துறது அறுப்பு முடிஞ்சு' என்று நான் சொன்னால் அது கேட்டுக்கொள்ளும். வெள்ளாமைக் காசு வருகிற வீட்டுக்கு இப்படிப்பட்ட வண்டிதான் ஒத்துவரும் என்பது என் கட்சி. மாதச் சம்பளக்காரர் என் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை.

வாங்கின கதையைச் சொல்கிறேன். புரோக்கர் காட்டியபோது மீட்டரில் 64,000. "டாக்டர் வண்டி தம்பி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும்தான் ஓடுனது" என்றார். எந்த ஊர் புரோக்கரிடம் போனாலும் டாக்டர் வண்டியாகத்தான் இருக்கிறது. இத்தனை டாக்டர்கள் காரை விற்றுவிட்டு எதில்தான் போகிறார்களோ. ஆனால் கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து ஓரத்தில் இரும்பு தெரிந்தது. பானட்டைத் தூக்கினால், உள்பக்கம் பழைய ஆயில் சர்வீஸ் ஸ்டிக்கர் ஒன்று பாதி கிழிந்து ஒட்டியிருந்தது. அடுத்த ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர்: 1,08,000. மீட்டரைத் திருப்பினவன் ஸ்டிக்கரை மறந்துவிட்டான். நான் சண்டை போடவில்லை, அதில் விரலை மட்டும் வைத்துக் காட்டினேன். 1,55,000 என்று ஆரம்பித்த விலை 1,20,000-இல் வந்து நின்றது.

வண்டி இருந்தது வேதாரண்யம் பக்கம். 1930-இல் ராஜாஜி நடந்து போய் உப்பு அள்ளின ஊர். அந்த உப்பில் கொஞ்சம் என் வண்டிக்கு அடியிலும் இருந்தது. தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தபோது டிரைவர் சீட்டுக்குக் கீழே தகடு அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. அது தெரிந்த உப்பு. தெரியாத உப்பு ரேடியேட்டரில் இருந்தது.

அது வெளியே வந்த நாள் மறக்காது. சித்திரை வெயில், மதியம் ஒன்றரை மணி, நீடாமங்கலம் ரயில்வே கேட். அந்த கேட்டில் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சரக்கு ரயில் போனது, திறக்கவில்லை. அடுத்தது வருமாம். ஓடிக்கொண்டிருந்தவரை என்ஜின் காற்றில் ஆறிக்கொண்டிருந்தது, நின்றதும் சூடு காட்டுகிற முள் மெல்ல ஏற ஆரம்பித்தது. ஃபேன் ஓடவே இல்லை. பக்கத்தில் அம்மா, பின்னால் மனைவியும் பிள்ளைகளும். முன்னால் பேருந்து, பின்னால் லாரி, ஒதுங்க இடமில்லை. என்ஜினை அணைத்தேன். கேட் திறந்ததும் ஸ்டார்ட் பண்ணி, ஹீட்டரை முழுசாகத் திறந்து விட்டேன். என்ஜின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும், முள் இறங்கும். யாரோ எப்போதோ சொன்னது. இறங்கவும் செய்தது. அம்மா மட்டும், "ஏன்டா, என்னைய உசுரோட அவிக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

மறுநாள் பட்டறையில் ரேடியேட்டரைக் கழற்றிச் சாய்த்தார்கள். கூலன்ட் பச்சையாக வரும் என்று நின்றுகொண்டிருந்தேன். செங்கல் கரைத்த மாதிரி குழம்பு வந்தது. பழைய ஓனர் வருடக்கணக்கில் போர் தண்ணீரையே ஊற்றியிருக்கிறார். கடலோரத்துப் போர் தண்ணீரில் பருப்பே வேகாது, ரேடியேட்டர் என்ன பண்ணும். இன்னொன்றும் தெரிந்தது: என்ஜின் சூட்டுக்குத் தக்கபடி கூலன்ட்டைத் திறந்து விடுகிற தெர்மோஸ்டாட்டே இல்லை. 'நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு' என்று கழற்றிப் போட்டுவிடுவது நம் பட்டறைகளில் பழைய பழக்கம். அது இல்லாவிட்டால் என்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும். புது ரேடியேட்டர், ஃபேன் மோட்டார், தெர்மோஸ்டாட் எல்லாம் போட்டபின் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடியது.

எங்கே செலவு பண்ணுவது என்பதில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். பழைய வண்டி வாங்கின மறுநாள் சீட் கவர், மியூசிக் சிஸ்டம், வெள்ளை எல்இடி. டயரைப் பார்ப்பதில்லை. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன், அதாவது தரையில் படுகிற மேடு பள்ளம், நன்றாக இருக்கிறது என்பார்கள். பத்து வருஷத்து ரப்பர் காய்ந்த பனங்கொட்டை மாதிரி, மழையில் பிரேக் அடித்தால் நிற்காது. நான் வாங்கின வாரமே நாலு டயரும், என்ஜின் வால்வுகளை ஓட்டுகிற டைமிங் பெல்ட்டும் மாற்றினேன். பெல்ட்டை யார் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாதபோது, மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இடது கதவில் ஒரு மாட்டுக்கொம்பு போட்ட பள்ளம் எட்டு வருஷமாக அப்படியே இருக்கிறது. பட்டி பார்க்கச் சொல்லி எல்லோரும் சொல்லியாயிற்று. பள்ளத்தால் வண்டி நின்றதில்லை.

நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எட்டு வருஷத்தில் டயர், பேட்டரி, கிளட்ச் செட், ரேடியேட்டர், ஆயில் எல்லாம் சேர்த்து 1,94,000. மாதம் சுமார் இரண்டாயிரம். இன்சூரன்ஸ் மூன்றாம் நபருக்கு மட்டும்தான். ஆயிரம் சிசிக்குள் இருப்பதால் அடிப்படை பிரீமியம் வருஷத்துக்கு 2,094 ரூபாய்.

எலிச் செலவு தனி. குறுவை அறுப்பு முடிந்ததும் வயல் எலி வீட்டுக்குக் குடிவரும். ஒரு ஐப்பசிக் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வண்டி கதிரடிக்கிற மெஷின் மாதிரி குலுங்குகிறது. மூன்று சிலிண்டரில் ஒன்று வேலை செய்யவில்லை. பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டருக்குப் போகிற ஒயரை அழகாக நறுக்கி, என்ஜின் மேலேயே வைக்கோல் போட்டுக் கூடு கட்டியிருந்தது. நாப்தலின் உருண்டை, புகையிலைத் தூள் எல்லாம் போட்டுப் பார்த்தேன், எலிக்குப் பழகிவிட்டது. கடைசியில் வயலுக்குக் கிட்டி (எலிப்பொறி) வைக்கிறவரையே கூப்பிட்டு, கார் சக்கரத்துக்குப் பக்கத்திலும் இரண்டு கிட்டி வைக்கச் சொன்னேன். "காருக்குக் கிட்டி வைக்கிறது இதுதாங்க மொதத் தடவ" என்று சிரித்தார். மூன்று நாளில் ஐந்து எலி.

'பதினஞ்சு வருஷம் ஆச்சுன்னா ரோட்டுல ஓட்டக்கூடாதாமே' என்று கேட்பவர்களுக்கு: அது டெல்லி வட்டாரத்துக் கதை. அங்கேதான் டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து என்று கட்டுப்பாடு வந்தது. நமக்கு, வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, பசுமை வரி கட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்தால் இன்னும் ஐந்து வருஷம். நான் 2024-இல் புதுப்பித்தேன். என்ன, முன்பு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணத்தை 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள். இருபது வருஷம் தாண்டினால் இப்போது 10,000. பழைய வண்டி வைத்திருப்பவன் பெரும்பாலும் புதுசு வாங்க முடியாதவன். அவனிடம்தான் அதிகம் பிடுங்க வேண்டுமா என்று கேட்க ஆளில்லை.

பெட்ரோலும் அப்படித்தான். பங்கில் இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. என் வண்டி செய்த காலத்தில் இதை யாரும் நினைக்கவில்லை. பழைய வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் குறையலாம், ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டிவரலாம் என்று மத்திய அரசே சொன்னது. வாஷர் மாற்றிக்கொள்கிறேன், சரி. அந்த எத்தனாலில் இந்திய உணவுக் கழகத்து அரிசியும் உண்டு. ஈரப்பதம் 17-க்கு மேல் இருக்கிறது என்று நம் நெல்லைக் கொள்முதலில் திருப்பி அனுப்புகிறார்கள். அதே அரிசி பெட்ரோல் பங்க் வழியாக வந்தால் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல். இதற்கு மேல் பேசினால் வேறு பதிவாகிவிடும்.

மைத்துனர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. என் வண்டியில் ஏர்பேக் இல்லை, அவசர பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ்ஸும் இல்லை. 2019-இல்தான் இரண்டும் கட்டாயமாயின. நாலுவழிச் சாலையில் பக்கத்தில் ஒரு பேருந்து முந்திப் போனால் வண்டி ஒரு சாண் தள்ளிப் போகிறது. அதனால் எழுபதுக்கு மேல் மிதிப்பதில்லை, ராத்திரி நெடுந்தூரம் எடுப்பதில்லை. சென்னைக்கு ரயில். தினம் அறுபது கிலோமீட்டர் போய் நேரத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர்கள், நம்பகமான பட்டறை பக்கத்தில் இல்லாதவர்கள், இதைப் படித்துவிட்டுப் பழைய வண்டி வாங்கினேன் என்று என்னிடம் வராதீர்கள்.

இப்போதைக்கு ஒரே குறை, ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் முன்னால் இடது பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். பட்டறையில் ஆட்டிப் பார்த்துவிட்டு, "லோயர் ஆர்ம் புஷ்ஷுதாங்க, அவசரமில்ல, மாசம் ஒண்ணு தாங்கும்" என்றார். சம்பா நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. எனக்கு முன்னால் இன்னும் பதினோரு பேர். சிப்பம் போட்டு, எடை போட்டு, கணக்கில் பணம் ஏறின மறுநாள் வண்டியைப் பட்டறையில் விடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.